எள்ளளவு வெள்ளை

பல்செட்டுக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கதை முழுக்க அவர் காரைச் சுற்றிச் சுற்றி வரப்போகிறார். நீங்கள் பாட்டுக்கு அவர்தான் ஓட்டுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே ஒரு தடவை கற்றுக்கொள்ளப் போனார். சொல்லிக்கொடுக்க வந்த ஆள் அன்று சாயங்காலமே ஊரை விட்டுப் போய் எங்கேயோ கோழிப்பண்ணை வைத்துவிட்டதாகக் கேள்வி.

காரை ஓட்டுவது அவருடைய மனைவி. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே டீச்சர் என்று கூப்பிட்டது. தாலி கட்டிய புருஷனும் அப்படியே கூப்பிட்டார். கரும்பாசி நிறமா கருநீலமா என்று பார்க்கிறவர்கள் சண்டை போடும் ஒரு நீல நிறத்தில் டீச்சர் அந்தக் காரை வாங்கினார். அன்றிலிருந்து கழுவுவது, துடைப்பது, காற்று பார்ப்பது எல்லாம் அவரேதான். "நானும் ஒரு கை கொடுக்கறேனே" என்று பல்செட்டுக்காரர் போனால், "நீங்க ஒரு கை கொடுத்தா நான் ரெண்டு கையையும் தலையில வெச்சுக்கணும்" என்று பதில் வரும்.

அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மனிதர் எதையும் அளவாகச் செய்து பழக்கமில்லாதவர். பூந்தொட்டிக்குத் தண்ணீர் விடச் சொன்னால் மீன் வளர்க்கலாம் என்னும் அளவுக்கு விடுவார்.

அந்தக் காரில் ஒரே ஒரு குறை. பானெட்டின் இடது ஓரத்தில் எள்ளளவு வெள்ளைப் பெயிண்ட். வாசல் கேட்டுக்கு வர்ணம் அடித்த அன்று தெறித்த துளி. ஒருநாள் பல்செட்டுக்காரர் அதை நகத்தால் சுரண்டப் போனார். மாடி ஜன்னலிலிருந்து டீச்சர் போட்ட "கையை எடுங்க!"வில் பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. "ஒரு புள்ளிக்கு இத்தனை அதிகாரமா?" என்று முனகிக்கொண்டே அவர் கையை எடுத்தார்.

இப்படி இருக்கையில், டீச்சரின் தங்கை மாடிப்படியில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டாள். டீச்சர் ரயிலில் கிளம்பினார். கிளம்பும்போது, உலகம் தலைகீழாகப் புரண்டது போல, கார் கழுவுகிற நீலப் பக்கெட்டை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்துருவேன். அதுக்குள்ள ஒரு தடவை கழுவி வைங்க. தண்ணி, ஷாம்பு, மெத்துத்துணி. இந்த மூணைத் தவிர வேற எந்தச் சாமானும் கார் பக்கத்துல வரக்கூடாது. முக்கியமா உங்க மூளை."

"சரி, டீச்சர்."

"ஒழுங்கா செஞ்சீங்கன்னா இனிமே இந்தப் பக்கெட் உங்களோடது. ஏதாச்சும் வித்தை காட்டினீங்க, இந்த ஜென்மத்துல காரைத் தொட விடமாட்டேன்."

பல்செட்டுக்காரர் பக்கெட்டை ராஜா கிரீடத்தை வாங்குவது போல வாங்கிக்கொண்டார். ஓட்டத்தான் முடியவில்லை, கழுவும் உரிமையாவது கிடைத்ததே! அன்று மதியம் தூங்கும்போதுகூடப் பக்கெட் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

மறுநாள் காலை போர்ட்டிகோவுக்கு வந்து பார்த்தால், பானெட்டின் நடுவில் ஒரு பறவை எச்சம். பறவை என்று மரியாதைக்குச் சொல்கிறோம். அளவைப் பார்த்தால் யானைக்கு இறக்கை முளைத்து மேலே பறந்திருக்க வேண்டும். வெயிலில் காய்ந்து சிமெண்ட் போல இறுகியிருந்தது.

ஷாம்பு போட்டார். போகவில்லை. மெத்துத்துணியால் துடைத்தார். அது சிரித்தது. ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் மேலே போட்டு வைத்திருந்தால் தானாக இளகி வந்திருக்கும். ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். பல்செட்டுக்காரர் அதையெல்லாம் வேலை பார்த்த காலத்திலேயே செலவழித்துவிட்டார். செயற்கைப் பல் வரிசை செய்யும் கூடத்தில் காலமெல்லாம் வேலை. அச்செடுத்த மாவு பல்செட்டில் ஒட்டிக் காய்ந்தால் என்ன செய்வார்? முரட்டு நாரால் ஒரு தேய், பிறகு மெருகு. எச்சத்தைப் பார்த்ததும் அவருக்கு மாவுதான் ஞாபகம் வந்தது. நேராகச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்கிரப்பரை எடுத்து வந்தார்.

வட்ட வட்டமாகத் தேய்த்தார். எச்சம் போயிற்று. கை சும்மா இருக்குமா? சுற்றிலும் மங்கலாகத் தெரிந்த இடத்தையும் ஒரு தேய் தேய்த்தார். தண்ணீரை ஊற்றியதும் பானெட் கண்ணாடி போல மின்னியது. "அடடா! இத்தனை வருஷமா இந்த ரகசியம் டீச்சருக்குத் தெரியலையே" என்று இடுப்பில் கை வைத்து நின்றார்.

ஈரம் எதையும் மறைக்கும். காய்ந்தால்தான் வண்டவாளம் தண்டவாளம் ஏறும். தண்ணீர் உலர உலர, பானெட்டின் நடுவிலிருந்து வெளிறிய வட்டங்கள் ஒவ்வொன்றாகத் தலையைக் காட்டின. ஆயிரம் எலிகள் சறுக்கு விளையாடிவிட்டுப் போன தளம் மாதிரி ஆகிவிட்டது. பல்செட்டுக்காரர் மறுபடியும் தண்ணீர் ஊற்றினார். மின்னியது. காய்ந்தது. எலிகள் திரும்பி வந்தன. ஞாயிறு வரைக்கும் நின்றுகொண்டே தண்ணீர் ஊற்ற முடியுமா என்றுகூட ஒரு கணம் யோசித்தார்.

அப்போது பார்த்துத்தானா கம்பவுண்டர் வரவேண்டும்?

கம்பவுண்டர் டீச்சரின் தம்பி. மருந்துக்கடை வைத்திருந்தவர். எதற்கும் அவரிடம் ஒரு மருந்து உண்டு, எதுவும் கேட்காமலே கிடைக்கும். அவர் சிரித்தால் முன்பல் ஒன்று மட்டும் தனியாகப் பளீரென்று தெரியும். பல்செட்டுக்காரர் தொழிலுக்கு வந்த புதிதில் மச்சான் மேல் இருந்த பாசத்தில் கட்டிக்கொடுத்த பல். பாசம் கொஞ்சம் வெள்ளையாகவே போய்விட்டது. மற்ற பற்கள் டீ நிறத்தில் இருக்க, அது மட்டும் டியூப்லைட் மாதிரி எரிந்தது. கரண்ட் போனால் கம்பவுண்டரைச் சிரிக்கச் சொல்லிச் சாப்பிட்டுவிடலாம் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு. பக்கத்துப் பல்லைவிட அழகாக இருக்கிற பல்தான் காட்டிக்கொடுக்கும் பல் என்று பல்செட்டுக்காரர் கற்றுக்கொண்டது அந்தப் பல்லில்தான்.

கம்பவுண்டர் பானெட்டைப் பார்த்தார். அத்தானைப் பார்த்தார். அத்தான் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த கையைப் பார்த்தார்.

"கையில என்ன அத்தான்?"

"ஒண்ணுமில்லையே."

"பச்சையா தெரியுதே."

"கீரை."

"கீரையால தேய்ச்சா இப்படி ஆகாதே! அக்காவுக்கு ஒரு போன் போடட்டுமா?"

"மச்சான், நீ நல்லா இருப்ப. வாயை மட்டும் திறந்துடாதே."

"திறக்கத்தான் முடியலையே. நீங்க போன வருஷம் செஞ்சு குடுத்த கீழ் செட்டு கடைவாயில இடிக்குது. அதைச் சரி பண்ணித் தர்றதா இருந்தா, வாயைத் திறக்காம இருக்கறதைப் பத்தி யோசிக்கலாம்."

ஒப்பந்தம் அங்கேயே முடிந்தது. உடனே கம்பவுண்டர் தன் மருந்துகளை அவிழ்த்தார். பல் பொடியைக் குழைத்துத் தடவலாம், எண்ணெய் பூசிவிடலாம், காயத்துக்குப் போடுகிற நீல மருந்து இருக்கிறது. எதுவும் சரிப்படாவிட்டால் டீச்சரின் கண்ணில் சொட்டு மருந்து விட்டுவிடலாம். மூன்று நாளைக்கு எல்லாமே மங்கலாகத்தான் தெரியும்.

பல்செட்டுக்காரர் காதில் வாங்கவில்லை. குனிந்து, விரல் நகத்தை ஒரு கீறலின் குறுக்கே மெல்ல இழுத்தார். நகம் மாட்டவில்லை. அவர் முகத்தில் உயிர் திரும்பியது.

"ஆழமில்லை மச்சான். மேலாகத்தான் இருக்கு. பல்லுல கீறல் விழுந்தா நான் என்ன செய்வேன்? பெரிய கீறலைச் சின்னக் கீறலாலயும், சின்னதை அதைவிடச் சின்னதாலயும் அழிச்சுக்கிட்டே போவேன். கடைசியில கண்ணுக்குத் தெரியாத கீறல்தான் மிஞ்சும். அதுக்குப் பேருதான் பளபளப்பு."

கார் சாமான் விற்கிற கடைக்கு இருவரும் ஓடினார்கள். கல்லாவில் இருந்த பெண், பல்செட்டுக்காரர் தன் வரலாற்றை ஆரம்பிக்கும் முன்பே கேட்டாள்: "ஸ்கிரப்பரா சார்?"

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"வாரத்துக்கு ஒருத்தர் இதே மூஞ்சியோட வருவாங்க."

அழுக்கை ஒற்றி எடுக்கும் களிமண் கட்டி, கீறலைத் தேய்த்து அழிக்கும் காம்பவுண்டு என்கிற பசை, அதைவிட மென்மையான பாலிஷ், கடைசியில் பூசும் மெழுகு, ஸ்பாஞ்ச் வட்டுகள், ஓரங்களை மறைக்க ஒட்டும் டேப், மெத்துத்துணி ஒரு கட்டு என்று எடுத்து வைத்தாள். "பெயிண்டுக்கு மேல கண்ணாடி மாதிரி இருக்கிற கிளியர் கோட்டு வெங்காயத் தோல் கனம்தான் சார். தேய்க்கிறதுன்னா அதையே கொஞ்சம் கொஞ்சமா சீவறதுதான். பாத்திரம் மாதிரி நினைச்சு ஒரே இடத்துல நின்னீங்க, உள்பூச்சு எட்டிப் பார்த்துடும். வெயில்ல செய்யாதீங்க. முதல்ல ஒரு மூலையில கொஞ்சூண்டு தேய்ச்சுப் பார்த்துட்டு அப்புறம் போங்க."

போர்ட்டிகோவில் காரைச் சுற்றி நிற்க இடம் கிடையாது. வெளியே எடுக்க வேண்டும். வாசல் கேட்டைக் கட்டியவர் சைக்கிளை மட்டுமே கண்டிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டு விரல் இடைவெளிதான். டீச்சர் மட்டும் அதில் காரை ஊசியில் நூல் கோப்பது போல ஒரே வீச்சில் நுழைப்பார். கம்பவுண்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பல்செட்டுக்காரர் பின்னால் நின்று "வா, வா, ஐயோ, நில்லு, வா" என்று வழி காட்டினார். கார் தெருவுக்கு வந்து மரநிழலில் நின்றபோது கம்பவுண்டரின் சட்டையைப் பிழிந்தால் ஒரு பக்கெட் தேறியிருக்கும்.

"திரும்ப உள்ள விடுறதுக்கு என்னைக் கூப்பிடாதீங்க அத்தான். அது அக்காவோட பாடு."

அதன் பிறகு பல்செட்டுக்காரர் வேறு ஆளாகிவிட்டார். பேச்சு நின்றுவிட்டது, அந்தத் தெருவில் அது மழை பெய்வதைவிட அபூர்வம். காரைக் கழுவினார். மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவினார். வெறும் கைக்கு வழவழப்பாக இருந்த இடம் பைக்குள் ரவை கொட்டியது போலச் சொரசொரத்தது. சோப்புத் தண்ணீர் தெளித்துக் களிமண் கட்டியை அதன்மேல் வழுக்கவிட்டார். கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்த தூசியெல்லாம் கட்டியில் ஏறிற்று. இடது ஓரத்தில் இருந்த அந்த எள்ளளவு வெள்ளையும் ஏறிற்று.

"போச்சு பாரு! எத்தனை வருஷமா அழகைக் கெடுத்துக்கிட்டு இருந்துச்சு! டீச்சருக்கு இது போனஸ்" என்று கம்பவுண்டரிடம் கட்டியைக் காட்டினார்.

ஓரங்களில் டேப் ஒட்டினார். ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்தார். ஸ்பாஞ்சில் பட்டாணி அளவு காம்பவுண்டு. குறுக்கே சில இழுப்பு, நெடுக்கே சில இழுப்பு, புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பது, துடைப்பது, பல் வைத்தியர்கள் வைத்திருக்கிற சின்ன டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பது. பல்லின் வெப்பத்தைப் புறங்கையால் பார்த்துப் பழகிய கைக்குப் பானெட்டும் பணிந்தது. எலிகள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டின. பிறகு பாலிஷ். சாயங்காலம் கடைசித் துணியால் துடைத்தபோது, மேலே போன மேகம் ஒன்று பானெட்டில் தன் முகத்தைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டு போனது.

பல்செட்டுக்காரர் பின்னால் நகர்ந்து, முழுக் காரையும் பார்த்தார். வாயில் இருந்த புன்னகை அப்படியே உறைந்தது.

"மச்சான், இங்க வா. என் பக்கத்துல நின்னு சிரி."

"எதுக்கு?"

"சிரின்னா சிரி."

கம்பவுண்டர் சிரித்தார். பல்செட்டுக்காரர் அந்த முன்பல்லைப் பார்த்தார், காரைப் பார்த்தார். சந்தேகமே இல்லை. மங்கிய கதவுகள், மங்கிய கூரை, நடுவில் பானெட் மட்டும் டியூப்லைட். தெருமுனையில் வரும்போதே டீச்சர் கேட்டுவிடுவார், 'பானெட்டுக்கு என்ன ஆச்சு?' என்று. ஒரு பல்லை ஒளிக்க வழியில்லை என்றால் வாய் முழுக்கக் கட்ட வேண்டியதுதான்.

தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன. அடுத்த நாளும், ஞாயிறு மதியம் வரையும் இரண்டு பேரும் குனிந்தவர்கள் நிமிரவில்லை. கம்பவுண்டர் கை தவறித் துணியைத் தரையில் போட்டுவிட்டு மறுபடி காரில் வைக்கப் போனபோது பல்செட்டுக்காரர் பாய்ந்து பிடுங்கினார். "விழுந்த துணி செத்த துணி! ஒரு மண்ணு போதும், மொத்தமும் மறுபடி ஆரம்பம்."

"இந்த அக்கறையில கால்வாசி என் கீழ் செட்டு மேல இருந்திருந்தா நான் முறுக்கே தின்னுக்கிட்டு இருப்பேன்" என்றார் கம்பவுண்டர்.

கடைசியாக மெழுகைப் பனிப்படலம் போல மெலிதாகப் பூசி, காயவிட்டு, துடைத்தார்கள். அந்தக் கார் நின்ற நிலையில், தெருவில் போன ஒருவர் அதில் மீசையை ஒதுக்கிக்கொண்டார். சைக்கிளில் போனவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய்க் குப்பைத்தொட்டியைக் கட்டிப்பிடித்தார். சூரியனே கண் கூசி அன்று கொஞ்சம் சீக்கிரம் மறைந்ததாகப் பல்செட்டுக்காரர் இன்றைக்கும் சொல்கிறார்.

டீச்சர் வாடகைக் காரில் வந்து இறங்கினார். வாசலில் நின்ற காரைப் பார்த்தார். புடவையைச் சரிசெய்து, தலையைத் தடவிக்கொண்டு, செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கூடத்தில் உட்கார்ந்திருந்த புருஷனிடம் ரகசியக் குரலில் கேட்டார்:

"யாருங்க வந்திருக்காங்க? பெரிய இடம் போல இருக்கே! டீயாவது குடுத்தீங்களா?"

பல்செட்டுக்காரருக்கு அந்த நிமிடம் செத்தாலும் சம்மதம். "நல்லா பாத்துட்டு வா, டீச்சர்" என்றார்.

டீச்சர் போய் நம்பர் பலகையைப் பார்த்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். பரீட்சைத் தாள் திருத்துகிற கண். கதவின்மேல் ஒரு விரலை வைத்தார். விரல் வழுக்கிக்கொண்டு போனது. புருஷனும் தம்பியும் பின்னாலேயே வந்து நின்றார்கள்.

"தண்ணி, ஷாம்பு, துணிதானா?"

"கூட... கொஞ்சம் அன்பு" என்றார் பல்செட்டுக்காரர்.

"ம்" என்றார் டீச்சர். அந்த 'ம்'மில் பாராட்டு இருந்தது என்று கம்பவுண்டர் பிற்பாடு சத்தியம் செய்தார். பக்கெட் கிட்டத்தட்டக் கைக்கு வந்துவிட்டது.

"சரி, வண்டியை உள்ள விட்டுட்டு வரேன்" என்று டீச்சர் ஏறினார். கார் வளைந்தது. பாதியில் நின்றது. பின்னால் போயிற்று. மறுபடி வந்தது, நின்றது. தெரு வேடிக்கை பார்க்கக் கூடியது. டீச்சர் கேட்டில் இரண்டாம் தடவை முயன்று யாரும் பார்த்ததில்லை. மூன்றாவது தடவை காரின் பக்கக் கண்ணாடி தூணை முத்தமிட ஒரு நூல்தான் பாக்கி. டீச்சர் இறங்கிவந்து பானெட்டின் இடது ஓரத்தைக் குனிந்து பார்த்தார்.

"என் புள்ளி எங்க?"

"எந்தப் புள்ளி?"

"வெள்ளைப் புள்ளி. சீட்டுல இருந்து பார்த்தா அந்தப் புள்ளியும் கேட்டுத் தூணும் ஒரே கோட்டுல வரணும். வந்ததும் ஸ்டியரிங்கைத் திருப்பணும். இத்தனை வருஷமா அதை வெச்சுத்தானே உள்ள விடுறேன்! அது இல்லாம எனக்குக் கேட்டு எங்க இருக்குன்னே தெரியலை."

ஓட்டத் தெரியாதவருக்கு இது எப்படித் தெரியும்? மாடியிலிருந்து வந்த அந்த "கையை எடுங்க"வுக்கு இப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

"ஷாம்பு போட்டா அது போகாது. நானே தெரியாத்தனமா எத்தனை தடவை தேய்ச்சிருக்கேன். எதை வெச்சு எடுத்தீங்க? முதல்ல எதுக்கு எடுக்கப் போனீங்க?" டீச்சர் திரும்பி வீட்டைப் பார்த்தார். "இருங்க. சமையக்கட்டுல ஸ்கிரப்பர் இருக்கான்னு பாத்துட்டு வரேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். டீச்சரிடம் ஒரு ஸ்கிரப்பரை மறைக்க முடியாது. பல்செட்டுக்காரர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். யானை பறந்ததில் தொடங்கி, எலிகள், களிமண், மச்சானின் முன்பல் வரைக்கும். டீச்சர் முகத்தை இறுக்கமாகத்தான் வைத்திருந்தார். மச்சானைப் பக்கத்தில் நிறுத்திச் சிரிக்கச் சொன்ன இடம் வந்ததும் கம்பவுண்டர் உதவியாக ஒரு தடவை சிரித்துக் காட்டினார். டீச்சர் பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"சிரிச்சுட்டேன்னு தப்பிச்சீங்கன்னு நினைக்காதீங்க. என் புள்ளியை வைங்க. அப்புறம்தான் பக்கெட்டைப் பத்திப் பேச்சு."

பல்செட்டுக்காரர் உள்ளே ஓடித் தன் பழைய பெட்டியோடு வந்தார். பல்லுக்கு நிறம் பார்க்கும் மாதிரித் துண்டுகள், சின்னக் கிண்ணத்தில் கேட்டுக்கு அடித்தது போக மிஞ்சிய வெள்ளைப் பெயிண்ட், எறும்பு மீசை போல மெல்லிய தூரிகை. டீச்சர் ஓட்டுநர் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டார். கம்பவுண்டர் கேட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தூண் ஓடிவிடும் என்று பயந்தவர் போல.

"இடது. இன்னும். ரொம்பப் போயிட்டீங்க. கொஞ்சம் வலது. அரை எள்ளு முன்னாடி."

"அரை எள்ளா! பல்லுகூட இத்தனை கறாரா கட்டினதில்லை, டீச்சர்."

"அங்கதான். அசையாதீங்க. வைங்க!"

வைத்தார். எள்ளளவு, வட்டமாக, ஈறிலிருந்து அப்போதுதான் முளைத்த பால்பல் போன்ற வெள்ளை. காயும்வரை மூவரும் காரில் சாய்ந்து டீ குடித்தார்கள். பிறகு டீச்சர் காரைப் பின்னால் எடுத்து, புள்ளியைப் பார்த்து, ஒரே வீச்சில் உள்ளே விட்டார். இரண்டு பக்கமும் இரண்டு விரல். தெரு கலைந்தது.

டீச்சர் இறங்கிவந்து நீலப் பக்கெட்டை எடுத்து, புருஷனின் துண்டு தொங்குகிற ஆணிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார்.

"புள்ளிக்கு மட்டும் மெழுகு போடக் கூடாது."

"போட மாட்டேன்."

"ஸ்கிரப்பர் புதுசு வாங்கிட்டு வரணும். பாத்திரத்துக்கு."

"ரெண்டா வாங்கறேன்" என்றார் பல்செட்டுக்காரர். டீச்சர் பார்த்த பார்வையில் உடனே திருத்திக்கொண்டார்: "ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு."

மறுவாரம் லேசாகத் தூறல் போட்டபோது டீச்சர் காரை எடுத்தார். கம்பவுண்டர் பின்சீட்டில், சரிசெய்த கீழ் செட்டோடு எதையோ நொறுக்கிக்கொண்டு வந்தார். பானெட்டில் மழைத்துளிகள் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடின. பல்செட்டுக்காரர் கண்ணாடியில் நெற்றி முட்டும் அளவுக்கு முன்னால் சாய்ந்து அதைப் பார்த்தார்.

"டீச்சர், கொஞ்சம் மெதுவா போயேன்."

"ஏன், பயமா இருக்கா?"

"இல்ல. தெருவுல இன்னும் நாலு பேரு பார்க்கலை."